புரோட்டான் கணக்கில் துண்டு விழுவது ஏன்?

எஸ்பிஎம் முடித்து, இயற்பியலில் ஆர்வத்தோடு மேலே படிக்கும் மாணவரிடம் புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'மூன்று குவார்க்குகள்' என்று சட்டென்று பதில் வரும். இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். பதில் சரிதான். இனி அந்த மூன்றின் நிறையையும் கூட்டிப் பார்ப்போம்.

துகள்களின் நிறையை இயற்பியலாளர்கள் மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் அதை 'அலகு' என்றே சுருக்கமாகக் குறிப்போம். அப் குவார்க்கின் நிறை ஏறக்குறைய 2.2 அலகு. டவுன் குவார்க்கின் நிறை ஏறக்குறைய 4.7 அலகு. இரண்டு அப், ஒரு டவுன் சேர்த்தால் 9.1 அலகு. ஆனால் புரோட்டானைத் தனியே நிறுத்துப் பார்த்தால் 938 அலகு இருக்கிறது. மீதி 929 அலகு எங்கிருந்து வந்தது?

கடைக் கணக்கில் நூறு ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட் துண்டு விழுந்தால் முதலாளி பொறுத்துக்கொள்வார். இங்கே நூறில் தொண்ணூற்று ஒன்பது காணவில்லை. நம் உடலின் எடை ஏறக்குறைய முழுவதும் புரோட்டான்களும் நியூட்ரான்களும்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் குவார்க்குகளின் நிறையை மட்டும் அப்படியே கூட்டினால் 600, 700 கிராமுக்குள் அடங்கிவிடும். எடைக் கருவி 60 கிலோ காட்டுகிறதே, அது எதை நிறுக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண, குவார்க் என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது, அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றில் பெங்களூர் வருகிறது, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி வருகிறது. கடைசியில் நம் கோலாலம்பூரின் லெம்பா பந்தாயும் வருகிறது.

துகள்கள் பெருகிய காலம்

1930களில் பொருளின் அடிப்படை எளிமையாகத் தெரிந்தது. எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகிய மூன்றையும் வைத்தே எல்லா அணுக்களையும் விளக்கிவிடலாம். 1947இல் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பையான், கேயான் என்ற புதிய துகள்கள் தென்பட்டன. 1950களில் பெரிய துகள் முடுக்கிகள் வேலை செய்யத் தொடங்கியதும், லாம்டா, சிக்மா, சை, டெல்டா என்று புதியவை வந்துகொண்டே இருந்தன. கிரேக்க எழுத்துகளே போதாது என்னும் நிலை.

இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வல்விசை இவை எல்லாவற்றின் மீதும் செயல்படும். அப்படிப்பட்ட துகள்களுக்கு ஹேட்ரான் என்று பொதுப்பெயர். அவற்றுள் புரோட்டானின் இனத்தைச் சேர்ந்தவை பேரியான்கள். பையான், கேயான் போன்றவை மீசான்கள். எலக்ட்ரான் வல்விசைக்குக் கட்டுப்படாது. ஆகவே அது ஹேட்ரான் அல்ல.

இத்தனையும் அடிப்படைத் துகள்களாக இருக்க முடியுமா? வேதியியலில் தனிமங்கள் பெருகியபோது மெண்டலீவ் அவற்றை அட்டவணையில் அடுக்கினார். அந்த அடுக்கின் காரணம் அணுவின் உள்ளமைப்பு என்று பிறகு தெரிந்தது. ஹேட்ரான்களுக்கும் அப்படி ஓர் அட்டவணை தேவைப்பட்டது.

பெங்களூரில் எழுந்த கேள்வி

1961இல் அமெரிக்காவின் மர்ரே ஜெல்-மானும் இஸ்ரேலின் யூவால் நேமனும் தனித்தனியே அந்த அட்டவணையைக் கண்டுபிடித்தார்கள். ஹேட்ரான்களை அவற்றின் மின்னூட்டத்தையும் 'விந்தைத்தன்மை' என்ற பண்பையும் கொண்டு அடுக்கினால், எட்டு எட்டாகவும் பத்துப் பத்தாகவும் அழகான குழுக்கள் அமைந்தன. இதன் பின்னால் இருந்தது எஸ்யு(3) என்ற சமச்சீர்க் கணிதம்.

அந்தக் கணிதத்தில் எட்டுக்கும் பத்துக்கும் முன்னால் இன்னும் சிறிய குழு ஒன்று உண்டு. அது மூன்று உறுப்புகள் கொண்டது. மற்ற எல்லாக் குழுக்களையும் அந்த மூன்றைக் கொண்டே கட்டிவிடலாம். ஆனால் இயற்கையில் அந்த மூவர் குழுவுக்குப் பொருந்தும் ஹேட்ரான் எதுவும் கண்ணில் படவில்லை.

அதே 1961இல் டாடா அடிப்படை ஆய்வுக் கழகம் பெங்களூரில் ஒரு கோடைப்பள்ளி நடத்தியது. ஜெல்-மான் அங்கே வந்து தம் எட்டுத் துகள் குழுக்களைப் பற்றி விரிவுரை ஆற்றினார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அப்போது சிகாகோவில் பணியாற்றிய ரிச்சர்ட் டாலிட்சும் விரிவுரையாளராக வந்திருந்தார். 'எட்டைப் பற்றியே பேசுகிறீர்களே, அடிப்படையான அந்த மூன்று எங்கே?' என்ற பொருளில் டாலிட்ஸ் கேட்டார். ஜெல்-மான் நேராகப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால், குவார்க் மூன்று ஆண்டு காத்திராமல் பெங்களூரிலேயே பிறந்திருக்கும் என்று பின்னாளில் எழுதியவர் ஜி. ராஜசேகரன்.

யார் இந்த ராஜசேகரன்? 1936இல் கமுதியில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாலிட்சிடமே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். மும்பையில் டாடா கழகத்திலும், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலும், சென்னைக் கணித அறிவியல் கழகத்திலும் பணியாற்றி, தமிழ்நாட்டில் துகள் இயற்பியலை வளர்த்தவர்களில் முக்கியமானவர். நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் பாட்டன் பூட்டன் ஊராக இருக்கலாம். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

கோலத்தில் விடுபட்ட புள்ளி

அட்டவணை சரி என்பதற்குச் சான்று ஒரு கோலத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். நான்கு புள்ளி, அதன் கீழ் மூன்று, அதன் கீழ் இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் பத்து. பத்துத் துகள் குழுவின் வடிவம் இதுதான். முதல் வரிசையில் டெல்டா துகள்கள் நான்கு. இரண்டாம் வரிசையில் சிக்மா வகை மூன்று. மூன்றாம் வரிசையில் சை வகை இரண்டு. 1962இல் ஒன்பது புள்ளிகள் நிரம்பிவிட்டன. நுனியில் ஒன்று மட்டும் காலி.

வரிசைகளின் நிறையை இன்றைய அளவீடுகளின்படி பாருங்கள். முதல் வரிசை ஏறக்குறைய 1232 அலகு. இரண்டாவது 1385. மூன்றாவது 1533. ஒரு படி இறங்கினால் 153 கூடுகிறது, அடுத்த படியில் 148 கூடுகிறது. அப்படியானால் நான்காம் வரிசையில் இருக்க வேண்டிய துகளின் நிறை 1680 அலகை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ஒமேகா-மைனஸ் என்று ஜெல்-மான் முன்கூட்டியே பெயரும் வைத்துவிட்டார்.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் குமிழ் அறைப் படங்களை எடுத்துத் தேடினார்கள். 1964 பிப்ரவரியில் அந்தத் துகள் அகப்பட்டது. அதன் நிறை, இன்றைய அளவீட்டில், 1672 அலகு.

அதே 1964இல் ஜெல்-மானும், செர்ன் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்வைக் என்ற இளைஞரும் தனித்தனியே அந்த மூவர் குழுவைத் துணிந்து முன்வைத்தார்கள். ஸ்வைக் அவற்றை 'ஏஸ்' என்றார். ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவல் ஒன்றிலிருந்து ஜெல்-மான் எடுத்த 'குவார்க்' என்ற பெயரே நிலைத்தது. அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என்று மூன்று வகை. கோலத்தின் முதல் வரிசையில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கிடையாது. இரண்டாம் வரிசையில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நுனியில் உள்ள ஒமேகா-மைனசில் மூன்றும் ஸ்ட்ரேஞ்ச். ஒவ்வொரு படியிலும் 150 அலகு கூடியதற்குக் காரணம், அப் அல்லது டவுன் இருந்த இடத்தில் அவற்றைவிடக் கனமான ஸ்ட்ரேஞ்ச் குவார்க் வந்து அமர்ந்ததுதான்.

மூன்று விதிகள்

குவார்க் மாதிரி எளிமையானது. முதலாவது, பேரியானில் மூன்று குவார்க்குகள். மீசானில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும். இரண்டாவது, மின்னூட்டம் பின்னமாக வரும். அப் குவார்க்குக்கு மூன்றில் இரண்டு பங்கு நேர்மின்னூட்டம். டவுனுக்கும் ஸ்ட்ரேஞ்சுக்கும் மூன்றில் ஒரு பங்கு எதிர்மின்னூட்டம். புரோட்டானில் அப், அப், டவுன்: கூட்டினால் சரியாக ஒன்று. நியூட்ரானில் அப், டவுன், டவுன்: கூட்டினால் சுழியம்.

மூன்றாவது விதி சிக்கலிலிருந்து பிறந்தது. ஒமேகா-மைனசில் மூன்று ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் ஒரே நிலையில், ஒரே திசையில் சுழன்றுகொண்டு இருக்கின்றன. குவார்க் போன்ற இரு துகள்கள் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்கக்கூடாது என்பது பௌலியின் விலக்கல் விதி. அப்படியானால் அந்த மூன்றுக்கும் இடையே நம் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும். அதற்கு 'நிறம்' என்று பெயரிட்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம். உண்மையான வண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொலைக்காட்சித் திரையில் இந்த மூன்று ஒளிகளும் சேர்ந்தால் வெள்ளையாகத் தெரிவதுபோல், மூன்று நிறக் குவார்க்குகளும் சேர்ந்தால் நிறமற்ற ஹேட்ரான் ஆகும். நிறமற்றவை மட்டுமே வெளியே நடமாட முடியும்.

கணக்குக்கு உதவும் கற்பனையா, உண்மைப் பொருளா?

தொடக்கத்தில் பலர் குவார்க்கை நம்பவில்லை. பின்ன மின்னூட்டம் கொண்ட துகளை எவரும் கண்டதில்லை. ஜெல்-மானே அதைக் கணித வசதி என்பதுபோல் பல இடங்களில் பேசினார். டாலிட்ஸ் வேறு வழியில் போனார். எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றுவதுபோல் குவார்க்குகள் ஹேட்ரானுக்குள் உண்மையிலேயே சுற்றுகின்றன என்று எடுத்துக்கொண்டு, 1965 முதல் கணக்குப் போட்டார். குவார்க்குகள் உயர்ந்த சுற்றுப்பாதைக்குப் போனால் எந்தெந்தத் துகள்கள் தோன்றும் என்று பட்டியலிட்டார். சோதனையில் கிடைத்த துகள்கள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் பொருந்தின.

இன்னொரு வெற்றியும் உண்டு. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனாலும் அது சிறு காந்தம்போல் நடந்துகொள்கிறது. உள்ளே மின்னூட்டமுள்ள குவார்க்குகள் சுழல்கின்றன என்றால் இது இயல்பு. புரோட்டானின் காந்த வலிமையை நியூட்ரானுடையதால் வகுத்தால் கழித்தல் 1.5 வர வேண்டும் என்றது குவார்க் மாதிரி. அளந்து பார்த்தால் கழித்தல் 1.46.

இந்தக் காந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் ஒவ்வொரு குவார்க்கின் நிறையும் ஏறக்குறைய 336 அலகாக இருக்க வேண்டும். அதாவது புரோட்டானின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நாம் தொடக்கத்தில் சொன்னதோ 2.2, 4.7. ஒரே குவார்க்குக்கு இரண்டு நிறையா?

பத்துமலைத் தைப்பூச ரதத்தை நினைத்துப் பாருங்கள். ரதம் தனியே நின்றால் அதற்கு ஓர் எடை. ஊர்வலத்தில், முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான பக்தர்களோடு வரும்போது, ரதத்தை நகர்த்துவது என்றால் அந்தக் கூட்டத்தையும் சேர்த்து நகர்த்துவதாகிவிடும். குவார்க்கும் அப்படித்தான். தனியே எடுத்தால் மிக இலேசு. ஹேட்ரானுக்குள் அதைச் சுற்றிக் குளுவான்களும், கணத்தில் தோன்றி மறையும் குவார்க், எதிர்க்குவார்க் இணைகளும் மொய்க்கின்றன. இந்தக் கூட்டத்தோடு சேர்ந்த குவார்க்கின் நிறைதான் 336. மெதுவாகத் தட்டிப் பார்த்தால் கூட்டத்தோடு அசையும். மிக வலுவாக, மிகக் குறுகிய நேரத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் இலேசான குவார்க் தனியே தெரியும்.

அப்படி அடித்துப் பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தினர். மூன்று கிலோமீட்டர் நீள முடுக்கியிலிருந்து எலக்ட்ரான்களைப் புரோட்டான்கள் மீது பாய்ச்சினார்கள். 1968இல் முடிவுகள் வந்தன. புரோட்டான் மிருதுவான பஞ்சுருண்டையாக இருந்தால் எலக்ட்ரான்கள் சிறு விலகலோடு போயிருக்கும். பலவும் பெரிய கோணத்தில் தெறித்தன. உள்ளே புள்ளி போன்ற கடினமான ஏதோ இருக்கிறது. இந்தச் சோதனைக்காக ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகிய மூவரும் 1990இல் நோபல் பரிசு பெற்றார்கள். இத்தகைய சோதனைகள் இன்னொன்றையும் காட்டின: விரைந்தோடும் புரோட்டானின் உந்தத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் குவார்க்குகள் சுமக்கின்றன. மீதி, அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களிடம் இருக்கிறது.

ஏன் வெளியே எடுக்க முடியாது?

ஒரு சட்டக் காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடதுருவம் ஒரு கையிலும் தென்துருவம் மறுகையிலும் வராது. இரண்டு முழுக் காந்தங்கள்தான் கிடைக்கும். குவார்க்கைப் பிடித்து இழுத்தாலும் இதே கதை. மின்விசையும் ஈர்ப்புவிசையும் தூரம் கூடக் கூடத் தளரும். நிறவிசை அப்படித் தளராது. ரப்பர் பட்டையை இழுப்பதுபோல், இழுக்க இழுக்க ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஓர் எல்லையில் அந்த ஆற்றலே புதிய குவார்க், எதிர்க்குவார்க் இணையாக மாறிவிடும். கையில் கிடைப்பது தனிக் குவார்க் அல்ல, இன்னொரு ஹேட்ரான்.

மாறாக, மிக நெருங்கிய நிலையில் குவார்க்குகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஏறக்குறைய சுதந்திரமாகத் திரியும். 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் இதைக் கணிதத்தில் காட்டினார்கள். 2004இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. குவாண்டம் நிறவியக்கவியல் என்ற கோட்பாடு இதன்மேல் எழுந்தது.

இப்போது நம் கணக்கின் துண்டைச் சரிசெய்யலாம். குவார்க்குகள் மிகச் சிறிய இடத்தில் அடைபட்டு, ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஓடுகின்றன. அவற்றின் இயக்க ஆற்றலும், குளுவான் புலத்தில் தேங்கிய ஆற்றலும் மிகப் பெரியவை. ஆற்றலும் நிறையும் ஒன்றே என்பது ஐன்ஸ்டைன் தந்த சமன்பாடு. காணாமல் போன 929 அலகும் அந்த ஆற்றல்தான். 2008இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று இந்தக் கோட்பாட்டை மீக்கணினியில் ஏற்றி, வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டது. புரோட்டான் உள்ளிட்ட பல ஹேட்ரான்களின் நிறை சில விழுக்காட்டுத் துல்லியத்தோடு கிடைத்தது. ஆகவே எடைக் கருவியில் ஏறி நிற்கும்போது நாம் நிறுப்பது பெரும்பாலும் அடைபட்ட ஆற்றலை.

கோணலாக நின்ற துகள்

குவார்க் மாதிரி எல்லா இடத்திலும் வெல்லவில்லை. புரோட்டானின் சுழற்சி மூன்று குவார்க்குகளின் சுழற்சியால் வருகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1980களின் இறுதியில் செர்னில் அளந்தபோது, குவார்க் சுழற்சியின் பங்கு மிகக் குறைவு என்று தெரிந்தது. இன்றைய மதிப்பீட்டில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி குளுவான்களிலிருந்தும் குவார்க்குகளின் சுற்று இயக்கத்திலிருந்தும் வர வேண்டும்.

இதற்கெல்லாம் முந்திய புதிர் ஒன்று உண்டு. அதன் பெயர் லாம்டா 1405. பெயரில் உள்ள எண்ணே அதன் நிறை. குவார்க் மாதிரிப்படி இதில் அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் மூன்றும் உள்ளன. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இல்லாத, இதே போன்ற துகள் ஒன்றின் நிறை 1535 அலகு. ஸ்ட்ரேஞ்ச் வந்தால் நிறை 150 கூட வேண்டும். இங்கேயோ 130 குறைந்து நிற்கிறது. கோலத்தில் ஒரு புள்ளி கோணலாக விழுந்ததுபோல.

டாலிட்சும் எஸ். எஃப். துவானும் 1959இலேயே, குவார்க் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். 1961இல் அது சோதனையில் தென்பட்டது. அவர்கள் கருத்துப்படி அது ஓர் எதிர்க்கேயானும் ஒரு புரோட்டானும் (அல்லது நியூட்ரானும்) ஒன்றையொன்று பற்றிக்கொண்ட கூட்டு. கணக்கும் ஒத்துவருகிறது. எதிர்க்கேயான் 494 அலகு, புரோட்டான் 938 அலகு. கூட்டினால் 1432. துகளின் நிறை 1405. குறையும் 27 அலகு, இரண்டும் பற்றிக்கொண்டதில் வெளியேறிய பிணைப்பாற்றல். 1967இல் டாலிட்ஸ், வோங், ராஜசேகரன் மூவரும் சேர்ந்து, இந்தப் பிணைப்பு எந்த விசையால் வரலாம் என்று மாதிரிக் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். மூன்று குவார்க் படம் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தத் துகளை அந்தப் படத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர்கள் கணக்கு வலுவூட்டியது.

விடை வர ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆனது. 2015இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்கள் மீக்கணினியில் லாம்டா 1405இன் காந்தத்தன்மையைக் கணக்கிட்டார்கள். அதில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் பங்கு ஏறக்குறைய சுழியம். ஸ்ட்ரேஞ்ச் குவார்க் தனியே சுழன்றால் அது காந்தம் காட்டும். சுழற்சியே இல்லாத கேயானுக்குள் அது அடங்கிக் கிடந்தால்தான் பங்கு சுழியமாகும். 1959இல் சொன்ன கூட்டுப் படத்துக்குக் கிடைத்த வலுவான சான்று இது.

லெம்பா பந்தாய் வரை

மூன்று, அல்லது இரண்டு என்ற விதிக்கு வெளியே ஹேட்ரான்கள் உண்டா என்ற கேள்வி இன்று மிகச் சூடாக இருக்கிறது. 2003இல் ஜப்பானின் பெல் சோதனை, வழக்கமான மீசான் பட்டியலில் அடங்காத துகள் ஒன்றைக் கண்டது. 2015இல் செர்னின் எல்எச்சிபி சோதனை ஐந்து குவார்க் துகள்களை அறிவித்தது.

செர்னின் பெரிய முடுக்கி வளையத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்கு நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். அந்த வளையத்தில் இருக்கும் சோதனைகளில் ஒன்று சிஎம்எஸ். 14,000 டன் எடையுள்ள அந்தக் கருவியை நடத்தும் உலகக் கூட்டமைப்பில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையமும் உறுப்பினர். பிரிக்பீல்ட்சில் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நான்காவது நிலையத்தில் இறங்கும் அதே பல்கலைக்கழகம்தான். சென்னை ஐஐடியும் அதே கூட்டமைப்பில் உண்டு.

2024இல் சிஎம்எஸ் வெளியிட்ட ஓர் ஆய்வு, லாம்டா 1405 எழுப்பிய கேள்வியை மறுபடியும் எழுப்பியது. சார்ம் குவார்க்கும் எதிர்ச்சார்ம் குவார்க்கும் சேர்ந்த மீசானுக்கு ஜே-சை என்று பெயர். நிறை 3097 அலகு. அது சில வேளைகளில் இரண்டு மியுவான்களாகச் சிதையும். மியுவான்கள் கருவியின் கனமான இரும்பையும் ஊடுருவி வெளிச்சுற்று வரை வருவதால் அடையாளம் காண்பது எளிது. ஒரே மோதலில் நான்கு மியுவான்கள் வந்து, அவை இரண்டு ஜே-சைகளிலிருந்து பிறந்தவை என்று தெரிந்தால், அந்த இரண்டும் சேர்ந்து முன்னர் ஒரே துகளாக இருந்தனவா என்று பார்க்கலாம். ஆற்றலைக் கூட்டி வரைபடம் போட்டால், அப்படி ஒரு துகள் இருந்த இடத்தில் மேடு தெரியும். 6900 அலகை ஒட்டிய மேட்டை எல்எச்சிபி 2020இல் கண்டிருந்தது. சிஎம்எஸ் 6600, 6900, 7100 அலகுகளை ஒட்டி மூன்று மேடுகளைக் கண்டது. நான்கும் சார்ம் வகையான குவார்க்குகளால் ஆன துகள்கள் இவை.

இவை நான்கு குவார்க்குகளும் ஒரே கட்டாக இறுகிய துகள்களா, அல்லது இரண்டு மீசான்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய கூட்டா? லாம்டா 1405இல் எதிர்க்கேயானையும் புரோட்டானையும் பிணைக்க, இலேசான குவார்க்குகள் வழியாக மீசான் பரிமாற்றம் நடக்கும். நான்கும் சார்ம் என்றால் அந்த இலேசான குவார்க்குகளே கிடையாது. ஆகவே இங்கே இறுகிய கட்டு என்ற விளக்கத்துக்கு இடம் அதிகம். 2025இல் சிஎம்எஸ் இந்தத் துகள்களின் சுழற்சியையும் அளந்தது. சுழற்சி எண் 2 என்பதே அளவீடுகளோடு நன்கு பொருந்துகிறது. எதையும் இறுதி செய்ய இன்னும் அளவீடுகள் வேண்டும்.

மாணவர்களுக்கு

தேர்வில் 'புரோட்டானில் மூன்று குவார்க்குகள்' என்று தயங்காமல் எழுதலாம். புரோட்டானின் மின்னூட்டம், இனம், காந்தம், அட்டவணையில் அதன் இடம் ஆகியவற்றுக்கு அந்த மூன்றும் போதும். அதன் நிறைக்கும் சுழற்சிக்கும் போதாது. குளுவான்களையும், தோன்றி மறையும் இணைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லாம்டா 1405 போன்ற துகள்களுக்கு மூன்று என்ற எண்ணிக்கையே பொருந்தாது. ஒரு மாதிரியைக் கற்பது என்றால் அது எந்தக் கணக்குக்கு உதவும், எந்தக் கணக்குக்கு உதவாது என்பதையும் சேர்த்துக் கற்பதுதான்.

இதைக் கையால் செய்து பார்க்கவும் வழி உண்டு. சிஎம்எஸ் தன் பழைய தரவுகளில் பெரும் பகுதியை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மாணவர்களுக்கென்றே இரண்டு மியுவான் நிகழ்வுகளின் சிறிய பட்டியல்களும் அங்கே உண்டு. கிள்ளானில் ஒரு மேசையில், சாதாரண மடிக்கணினியில், விரிதாள் மென்பொருளைக் கொண்டே ஒவ்வொரு மியுவான் இணையின் நிறையையும் கணக்கிட்டு வரைபடம் போடலாம். 3097 அலகை ஒட்டி ஒரு கூரான மேடு எழும். அது ஜே-சை. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் ஒரு கணம் சேர்ந்திருந்ததன் தடயம் அது.

அந்த மேட்டைப் பார்த்தபின், 'இதற்குள் என்ன இருக்கிறது?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள். டாலிட்ஸ் பெங்களூரில் கேட்டதும் இதே மாதிரியான கேள்விதான்.